பாதியில் நின்ற வாசிப்பு: விடாமுயற்சியைக் கதைகளால் கற்பித்த ஒரு தமிழ் வகுப்பின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

சிங்கப்பூரின் வடக்கே உள்ள ஒரு தொடக்கப்பள்ளி. தொடக்கநிலை 5 தமிழ் வகுப்பு. மாணவர்கள் 14 பேர். மற்றப் பாடங்களுக்கு வெவ்வேறு வகுப்புகளில் உட்கார்ந்துவிட்டு, தமிழுக்கு மட்டும் பையைத் தூக்கிக்கொண்டு என் அறைக்கு வருவார்கள். பெரும்பாலானவர்கள் வீட்டில் ஆங்கிலம்தான் பேசுகிறார்கள். தமிழ் காதில் விழும், வாயில் வராது. சென்ற ஆண்டு ஜனவரி முதல் அக்டோபர் வரை நான்தான் அவர்களுக்குத் தமிழாசிரியை. யார் என்று அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை இங்கே விட்டுவிட்டேன்.

தொடக்கப்பள்ளிகளில் நன்னெறிப் பாடத்தின் ஒரு பகுதி தாய்மொழியில் நடக்கிறது. மரியாதை, பொறுப்புணர்வு, மீள்திறன், நேர்மை, அக்கறை, நல்லிணக்கம் என்று ஆறு விழுமியங்கள் அதற்கு அடிப்படை. முதல் தவணைக்கு நான் மீள்திறனை எடுத்துக்கொண்டேன். அடுத்த ஆண்டு பிஎஸ்எல்இ, அதாவது தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு, வருகிறது என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் ஒரு மாணவன்.

அவன் குறும்புக்காரன் இல்லை. காற்பந்தில் கெட்டிக்காரன், நண்பர்கள் நிறைய. ஆனால் தமிழ்ப் பத்தியைக் கொடுத்து வாய்விட்டு வாசிக்கச் சொன்னால் இரண்டாம் வரி வரைதான் போவான். 'விளையாடிக்கொண்டிருந்தவர்களுடன்' போன்ற நீளச் சொல் வந்ததும் தாளை மேசையில் வைத்துவிட்டு, "போதுமா டீச்சர்?" என்பான். அதில் பயமும் இல்லை, கோபமும் இல்லை. தனக்கு இது வராது என்று என்றோ முடிவு செய்துவிட்ட ஒருவனின் அமைதி அது. பத்து வயதுப் பிள்ளையிடம் அந்த அமைதியைப் பார்ப்பது எனக்குக் கஷ்டமாக இருந்தது. பிஎஸ்எல்இ தமிழ்த் தாளில் வாய்மொழித் தேர்வுக்குக் கால் பங்கு மதிப்பெண் உண்டு. ஆனால் மதிப்பெண்ணைவிட அந்த "போதுமா" என்ற கேள்விதான் என்னை விடவில்லை.

முதல் மூன்று வாரங்கள்: வெற்றிக் கதைகள்

விடாமுயற்சிக்கு உண்மைக் கதைகள் வேண்டும் என்று தேடியபோது கைக்கு வந்தவை எல்லாருக்கும் தெரிந்த கதைகள். ஜோசப் ஸ்கூலிங் 2016இல் ரியோ ஒலிம்பிக்கில் 100 மீட்டர் வண்ணத்துப்பூச்சி பாணி நீச்சலை 50.39 வினாடியில் முடித்து, மைக்கேல் ஃபெல்ப்ஸை முந்தி, சிங்கப்பூருக்கு முதல் ஒலிம்பிக் தங்கத்தை வென்றார். தசைகள் நாளடைவில் பலவீனமாகும் நோயுடன் வாழும் யிப் பின் சியூ, 2008 பெய்ஜிங்கில் தொடங்கி உடற்குறையுள்ளோர் ஒலிம்பிக்கில் ஏழு தங்கம் வென்றிருக்கிறார். படங்களோடு சொன்னேன். பிள்ளைகள் கைதட்டினார்கள். அறை உற்சாகமாக இருந்தது.

பிறகு, "இந்தக் கதையிலிருந்து நீ கற்றுக்கொண்டது என்ன?" என்று ஒரு பயிற்சித்தாள் கொடுத்தேன். 14 தாளில் 11 தாள் ஏறக்குறைய ஒரே வாக்கியம்: "விடாமுயற்சி செய்தால் வெற்றி பெறலாம்." இரண்டு பேர் 'முயற்சி திருவினையாக்கும்' என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார்கள். அந்த மாணவன் எழுதியது இரண்டே சொல்: "அவர்கள் ஸ்பெஷல்."

அதே பாடவேளையின் கடைசிப் பத்து நிமிடத்தில் வாசிப்புப் பயிற்சி இருந்தது. அவன் இரண்டாம் வரியில் நிறுத்தினான். "போதுமா டீச்சர்?"

பிழை எங்கே இருந்தது

தாள்களை எடுத்துக்கொண்டு, இருபது ஆண்டுக்கு மேல் தமிழ் கற்பிக்கும் சக ஆசிரியை ஒருவரிடம் போனேன். அவர் எல்லாவற்றையும் பொறுமையாகப் புரட்டினார். "நீ கதையோட கடைசிப் பக்கத்தை மட்டும்தானே வாசிச்சுக் காட்டியிருக்கே? அதைக் கேட்டா வேற என்ன எழுதுவாங்க?" என்றார்.

அவர் சொன்னது சரி. ஸ்கூலிங் 2012 லண்டன் ஒலிம்பிக்கிலும் கலந்துகொண்டார். அப்போது 17 வயது. 200 மீட்டர் வண்ணத்துப்பூச்சிப் போட்டிக்குச் சற்று முன்னால், அவருடைய நீச்சல் தொப்பியும் கண்ணாடியும் அனுமதிக்கப்பட்டவை அல்ல என்று சொல்லிவிட்டார்கள். அவசரமாக மாற்ற வேண்டியிருந்தது. அரையிறுதிக்குப் போகாமலே வெளியேறினார். இது என் குறிப்பில் இருந்தது. நேரம் போதாது என்று வெட்டியது நான்தான். பிள்ளைகளுக்குத் தேவைப்பட்ட இடத்தைக் கழித்துவிட்டு, கைதட்டுகிற இடத்தை மட்டும் வைத்திருக்கிறேன்.

அந்த வாரம் ஓர் ஆய்வைத் தேடிப் படித்தேன். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியைச் சேர்ந்தவர்கள் நடத்தி, 2016இல் வெளியிட்டது. நியூயார்க் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் 402 பேரை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். எல்லாருக்கும் ஐன்ஸ்டீன், மேரி கியூரி, ஃபாரடே பற்றிய கதைகள்தான். ஆனால் ஒரு குழுவுக்குச் சாதனைகள் மட்டும், இன்னொன்றுக்கு அவர்கள் ஆராய்ச்சியில் தடுமாறிய கதை, மூன்றாவதற்கு வாழ்க்கையில் பட்ட பாடு. தடுமாற்றத்தைப் படித்த இரண்டு குழுவும் அறிவியல் மதிப்பெண்ணில் முன்னேறின. ஏற்கெனவே பின்தங்கியிருந்தவர்களுக்கே அதிகப் பலன். சாதனை மட்டும் படித்தவர்களுக்கு அந்த முன்னேற்றம் இல்லை. என் மாணவன் இரண்டு சொல்லில் எழுதியதும் அதுதான் என்று தோன்றியது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு, கதையை நடுவில் நிறுத்துவது. ஒருவர் தடுக்கி விழுந்த இடத்தில் நிறுத்தி, "இப்போது இவர் என்ன செய்யலாம்?" என்று கேட்க வேண்டும். முடிவைச் சொன்ன பிறகும், "என்ன கற்றாய்?" என்ற கேள்வியை விட்டுவிட்டு, "முன்பு செய்ததில் எதை மாற்றினார்?" என்று கேட்க வேண்டும். 'கற்றது என்ன' என்று கேட்டால் பிள்ளைகள் நமக்குப் பிடித்த வாக்கியத்தைத் தந்துவிடுகிறார்கள்.

அப்புறம், பக்கத்தில் இருக்கிற மனிதர்களின் கதைகள். பள்ளியில் தினமும் பார்க்கிறவர், வீட்டில் இருப்பவர். இவர்களை 'ஸ்பெஷல்' என்று ஒதுக்கிவிட முடியாது.

மூன்றாவது, என் நாக்கைத் திருத்துவது. அமெரிக்க ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்து முல்லரும் கேரல் டுவெக்கும் 1998இல் வெளியிட்ட ஆய்வில், "நீ புத்திசாலி" என்று பாராட்டப்பட்டவர்கள் ஒரு தோல்விக்குப் பிறகு சீக்கிரம் தளர்ந்தார்கள். "நன்றாக உழைத்தாய்" என்று கேட்டவர்கள் தொடர்ந்தார்கள். நானோ ஒரு நாளைக்குப் பத்து முறை 'கெட்டிக்காரி', 'கெட்டிக்காரன்' என்று சொல்கிறவள். இந்த அறிக்கையின் தொடக்கத்திலேயே ஒருமுறை சொல்லியிருக்கிறேன். அதை நிறுத்தி, பிள்ளை செய்த செயலைப் பெயர் சொல்லிக் குறிப்பிட முயன்றேன். மூன்றிலும் இதுதான் கடினமாக இருந்தது.

அரையாண்டுத் தேர்வு 2023 முதல் இல்லை என்பதால் இதற்கெல்லாம் இடம் கிடைத்தது. அதை நன்றியோடு சொல்ல வேண்டும்.

நான்காம், ஐந்தாம் வாரம்

சிங்கப்பூரின் முன்னாள் அதிபர் எஸ். ஆர். நாதனின் கதையை எடுத்தேன். சிறுவயதில் தந்தையை இழந்தவர், பள்ளியிலிருந்து நீக்கப்பட்டவர், 16 வயதில் வீட்டை விட்டு ஓடிப்போனவர். அங்கே நிறுத்தினேன். "இனி என்ன செய்யலாம்?" அறை முழுக்கக் கை. அந்த மாணவனும் கை தூக்கினான், அந்த ஆண்டில் முதல் முறையாக. "வேலை தேடுவார். ஆனா படிக்காம என்ன வேலை கிடைக்கும்?" என்றான். வேலை பார்த்துக்கொண்டே படித்தார், மலாயாப் பல்கலைக்கழகத்தில் சமூகப்பணிப் பட்டயம் பெற்றது 1954இல், 30 வயதில், என்று சொன்னபோது, "முப்பதா!" என்று இரண்டு மூன்று குரல் கேட்டது. அந்த வியப்பு 1999 முதல் 2011 வரை அதிபராக இருந்தார் என்பதற்கு வரவில்லை.

பிறகு 1974இல் சிங்கப்பூரில் லாஜு என்ற படகைச் சிலர் கடத்திய சம்பவத்தையும் சொன்னேன். பிணையாளிகளின் விடுதலைக்காக, கடத்தியவர்களோடு குவைத்துக்குப் பறந்த அதிகாரிகளில் அவரும் ஒருவர். பிள்ளைகள் வாய் பிளந்து கேட்டார்கள். மறுவாரம் கேட்டால் விமானம் மட்டும்தான் நினைவில் இருந்தது, படிப்பு போய்விட்டது. சுவையான ஒரு சம்பவம் மற்றதை எல்லாம் விழுங்கிவிடும் என்பதை அன்று குறித்துக்கொண்டேன்.

ஆறாம் வாரம்: என் தவறு

வீட்டுப்பாடம் கொடுத்தேன். "உங்கள் வீட்டில் ஒருவர் கஷ்டத்திலிருந்து மீண்ட கதையைக் கேட்டு எழுதி வாருங்கள்."

13 பேர் எழுதி வந்தார்கள். ஒரு மாணவி வெறும் தாளோடு வந்தாள். எழுதாமல் வருகிற பிள்ளை இல்லை. நான் எல்லார் முன்னாலும், "சின்னக் கதையாக இருந்தாலும் பரவாயில்லை, வாயால் சொல்" என்றேன். தலை குனிந்து நின்றாள். அடுத்த இரண்டு தமிழ்ப் பாடவேளையிலும் வயிற்றுவலி என்று நோயறைக்குப் போனாள்.

அவளுடைய அம்மாவுடன் தொலைபேசியில் பேசினேன். சில மாதங்களாகவே அப்பா வீட்டில் இல்லை. என்ன நடக்கும் என்று பெரியவர்களுக்கே தெரியாத நிலை. "அவ என்கிட்ட வந்து, 'நாம மீண்டாச்சாம்மா?'னு கேட்டா டீச்சர். எனக்குப் பதில் சொல்லத் தெரியல," என்றார்.

'மீண்ட' என்ற அந்த ஒரு சொல்லில் நான் எவ்வளவு ஊகித்துக்கொண்டுவிட்டேன் என்பது அப்போதுதான் புரிந்தது. எல்லார் வீட்டிலும் ஒரு கஷ்டம் வந்து முடிந்திருக்கும், அதைப் பிள்ளை வகுப்பில் எடுத்துச் சொல்லலாம் என்று நானாக நினைத்துக்கொண்டேன். கஷ்டத்தின் நடுவே இருக்கிற ஒரு பிள்ளையிடம் அதன் முடிவைக் கேட்டிருக்கிறேன்.

உடனே செய்தவை: மாணவியைத் தனியாக அழைத்து மன்னிப்புக் கேட்டேன். பெரியவர் மன்னிப்புக் கேட்பது அவளுக்குப் புதிது போல, "பரவால்ல டீச்சர்" என்று என்னைத் தேற்றினாள். அம்மாவின் சம்மதத்தோடு பள்ளி ஆலோசகரிடம் தெரிவித்தேன். வந்திருந்த 13 கதைகளை வகுப்பில் வாசிப்பதைக் கைவிட்டேன். வீட்டுப்பாடத்தையும் மாற்றினேன். யாரிடம் வேண்டுமானாலும் கேட்கலாம், வீட்டிலிருந்துதான் என்றில்லை. "உங்களுக்கு முதலில் வராத ஒரு வேலை எது? அப்போது என்ன செய்தீர்கள்?" என்ற இரண்டு கேள்விதான். வேலையைப் பற்றிக் கேட்டால் பதில் சொல்கிறவர் எவ்வளவு திறந்து சொல்வது என்பதை அவரே முடிவு செய்துகொள்ளலாம்.

அந்த மாணவி பள்ளி கேண்டீனில் கடை வைத்திருக்கும் அண்ட்டியைத் தேர்ந்தெடுத்தாள். முதல் மாதம் எத்தனை பிள்ளைகள் வருவார்கள் என்று கணக்குத் தெரியாமல் தினமும் சோறு மிஞ்சியதாம். பிறகு எந்த நாளில் எந்த வகுப்பு எத்தனை தட்டு வாங்குகிறது என்று ஒரு நோட்டில் கோடு போட ஆரம்பித்தாராம். அவள் அந்த நோட்டையே படம் வரைந்து வந்தாள்.

ஏப்ரல்: ஒரு தாத்தா வந்த நாள்

ஏப்ரல் தமிழ்மொழி விழா நடக்கும் மாதம். விருந்தினரை அழைக்கப் பள்ளியில் எளிதில் அனுமதி கிடைக்கும். ஒரு மாணவியின் தாத்தா, 77 வயது, பழைய கப்பல் பட்டறைத் தொழிலாளி. பேசுவதற்கு முன்பே சந்தித்து, "ஐயா, வெற்றி பெற்றதைப் பிறகு சொல்லலாம், வராமல் போனதை முதலில் சொல்லுங்கள்" என்று கேட்டுக்கொண்டேன். "அதுதான் நிறைய இருக்கே டீச்சரம்மா" என்றார்.

அவருடைய அப்பா செம்பவாங்கில் பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர். இவரும் அங்கே எடுபிடி வேலைக்குச் சேர்ந்தார். 1968 ஜனவரியில், 1971 முடிவதற்குள் படைகளை விலக்கிக்கொள்வதாகப் பிரிட்டன் அறிவித்தது. தளத்தை நம்பியிருந்த குடும்பங்களுக்கெல்லாம் அடுத்து என்ன என்ற கேள்வி. கடற்படையின் கப்பல் பட்டறை அதே 1968இல் செம்பவாங் கப்பல் பட்டறையாக மாறியது. அங்கே நிலைக்க வேண்டுமானால் ஒரு தொழில் கையில் இருக்க வேண்டும். இவர் வெல்டிங்கைப் பிடித்தார்.

தரையில் கிடக்கும் தகட்டை ஒட்டுவது சுலபமாம். நிமிர்ந்து நிற்கும் தகட்டில் கீழிருந்து மேலாக ஒட்டுவதுதான் பாடு. உருகிய இரும்பு வழிந்து கீழே வந்துவிடும். அந்தச் சோதனையில் இரண்டு தடவை தோற்றார். "விடாமத்தான் செஞ்சேன். வேலை முடிஞ்சப்புறம் கழிச்சுப் போட்ட தகடா எடுத்து ஒட்டி ஒட்டிப் பார்த்தேன். நூறு தகட்டுல ஒரே தப்பை நூறு தடவை செஞ்சேன்."

நான் நிறுத்தச் சொல்லவில்லை. அவரே அங்கே நிறுத்திவிட்டுப் பிள்ளைகளைப் பார்த்தார்.

பிறகு சொன்னார். வயதில் மூத்த மலையாளி வெல்டர் ஒருவரைக் கூப்பிட்டு, தாம் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்க்கச் சொன்னாராம். அவர் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, "நீ நடுவுல நிக்கிறே, ஓரத்துல ஓடுறே. மாத்திச் செய்" என்றாராம். இரண்டு ஓரத்திலும் ஒரு கணம் நின்று, நடுவை வேகமாகக் கடக்க வேண்டும், அப்போதுதான் இரும்பு வழியாது. காற்றிலே கையை ஆட்டிக் காட்டினார். 14 பிள்ளைகளும் கையை ஆட்டினார்கள். மூன்றாம் தடவை தேறிவிட்டார்.

கேள்வி நேரத்தில் அந்த மாணவன் எழுந்தான். "அப்ப அந்த நூறு தகடும் வேஸ்ட்டா தாத்தா?"

நானாக இருந்திருந்தால் "எந்த முயற்சியும் வீண்போகாது" என்று சொல்லியிருப்பேன். தாத்தா யோசித்தார். "கை நடுக்கம் அதுலதான் போச்சு தம்பி. ஆனா அம்பதாவது தகட்டுலயே ஆளைக் கூப்பிட்டிருக்கலாம். வெக்கப்பட்டேன்."

அதன் பிறகு

அடுத்த வாரம் இடைவேளையில் அந்த மாணவன் வாசிப்புத் தாளோடு ஆசிரியர் அறை வாசலில் நின்றான். "நான் எங்க நிக்கிறேன்னு பாருங்க டீச்சர்."

பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். நான்கு மாதமாக அவன் வாசிப்பதைக் கேட்டிருக்கிறேன், ஆனால் கண் எங்கே போகிறது என்று பார்த்ததில்லை. நீளச் சொல்லின் முதல் மூன்று எழுத்தைப் பார்த்ததும் முழுச் சொல்லையும் ஊகிக்கிறான். ஊகம் தப்பினால் திரும்பிப் போக வழி தெரியவில்லை. பென்சிலால் கோடு போட்டுக் காட்டினேன்: விளையாடிக் | கொண்டிருந்த | வர்களுடன். ஒவ்வொரு கோட்டிலும் ஒரு கணம் நில். அவனே சிரித்துக்கொண்டு, "ஓரத்துல நிக்கணும்" என்றான்.

வாரத்துக்கு இரண்டு இடைவேளை, பத்துப் பத்து நிமிடம், ஜூன் விடுமுறை நீங்கலாக ஆகஸ்ட் வரை. ஜூலையில் கோடு போடுவதை அவனிடமே விட்டேன். நடுவில் மூன்று வாரம் வரவில்லை. காற்பந்துப் போட்டி. நான் கூப்பிடவில்லை. தானாகத் திரும்பி வந்தான்.

பலன்

பிப்ரவரியில் அவன் இரண்டாம் வரியில் தாளை வைத்தவன். ஆகஸ்டில் புதிய பத்தி ஒன்றைக் கடைசி வரை வாசித்தான். ஒன்பது இடத்தில் தடுக்கியது. எட்டு இடத்தில் திரும்பிப் போய்ச் சொல்லைப் பிடித்தான், ஒன்றைத் தாண்டிவிட்டான். சரளம் என்று சொல்ல முடியாது. ஆண்டிறுதி வாய்மொழித் தேர்வில் வாசிப்புக்கு 20க்கு 7லிருந்து 11 ஆனது. வகுப்புச் சராசரிக்கு இன்னும் கீழேதான். "போதுமா?" என்ற கேள்வி மே மாதத்துக்குப் பிறகு அவனிடமிருந்து வரவில்லை.

கேண்டீன் அண்ட்டியின் நோட்டை வரைந்த மாணவி வகுப்பில் மறுபடி பேசத் தொடங்கினாள். வீட்டு நிலை மாறவில்லை. பள்ளி ஆலோசகரைத் தொடர்ந்து பார்த்துவந்தாள்.

மற்றவர்களிடம் பலன் கலவையானது. "எதை மாற்றினார்?" என்ற கேள்விக்கு ஜூலை வாக்கில் ஏறக்குறைய எல்லாரும் வெவ்வேறு பதில் எழுதினார்கள். இது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. ஆனால் முதல் மதிப்பெண் வாங்கும் ஒரு மாணவி, இரண்டு பத்தி கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் எப்போதும் எளிதானதையே எடுப்பாள். அக்டோபரிலும் அதையே எடுத்தாள். எத்தனையோ ஆசிரியர்கள் அவளைக் 'கெட்டிக்காரி' என்று அழைத்திருக்கிறார்கள், நானும்தான். அந்தப் பெயரை இழக்க அவள் தயாராக இல்லை. அவளுக்கு நான் இன்னும் எதுவும் செய்யவில்லை.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். அந்த மாணவனுக்கு உதவியது தாத்தாவின் கதையா, இடைவேளைப் பயிற்சியா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. பயிற்சி இல்லாமல் கதை மட்டும் இருந்திருந்தால், வாசிக்கத் தெரியாத பிள்ளையிடம் 'இன்னும் முயற்சி செய்' என்று சொன்னது போலத்தான் ஆகியிருக்கும். ஆனால் கதை இல்லாமல் அவன் என் வாசலுக்கு வந்திருப்பானா என்றால், வந்திருக்க மாட்டான் என்றே நினைக்கிறேன்.

மாற்ற வேண்டியவை

வீட்டுக் கதையைக் கட்டாய வீட்டுப்பாடமாக இனிக் கொடுக்க மாட்டேன். 'மீண்ட' என்ற சொல் எந்தப் பயிற்சித்தாளிலும் இருக்காது. தவணை தொடங்கும்போதே வகுப்பாசிரியர்களிடமும் பள்ளி ஆலோசகரிடமும், எந்தப் பிள்ளையின் வீட்டில் எதைக் கேட்கக்கூடாது என்று விசாரித்துக்கொள்வேன். ஆறாம் வாரம் வரை அதைச் செய்யாமல் இருந்ததற்குச் சமாதானம் எதுவும் இல்லை.

ஸ்கூலிங்கின் கதை இருக்கும். லண்டனில் தொடங்கும், ரியோவுக்கு இரண்டு நிமிடம் போதும். நாதனின் கதையில் விமானத்தைத் தனியாக வேறொரு நாள் சொல்வேன். எளிய பத்தியையே எடுக்கும் மாணவிக்காக, நன்றாகச் செய்யத் தெரிந்த ஒருவர் தெரியாத வேலைக்குள் இறங்கித் தடுமாறிய கதை வேண்டும். கேண்டீன் அண்ட்டியிடமும் அலுவலக ஊழியர்களிடமும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

தாத்தாவை ஏப்ரல் வரை காத்திருக்க வைக்காமல் ஜனவரி இரண்டாம் வாரமே அழைத்திருக்கிறேன். வர ஒப்புக்கொண்டார். இந்த முறை பேசினால் மட்டும் போதாது, தெரிந்த பட்டறை ஒன்றிலிருந்து இரும்பு வழிந்து கெட்டுப்போன தகடு ஒன்றை வாங்கி வருகிறேன், பிள்ளைகள் தொட்டுப் பார்க்கட்டும் என்றார். கூர்முனைகளைத் தேய்த்துவிட்டுக் கொண்டுவரும்படி கேட்டுக்கொண்டேன்.